உப்புக்காற்றில் ஸ்பீக்கர்: ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்திலோ பால்கனியிலோ நிரந்தரமாக ஸ்பீக்கர் மாட்ட நினைக்கிற கடலோரக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலை விட்டுத் தள்ளி பரமக்குடியிலோ கமுதியிலோ இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

வெளிப்புற ஸ்பீக்கர் என்றால் கடைக்காரர்கள் எல்லாரும் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள். நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சினால் மார்கழி. உப்புக்காற்று வருஷம் முழுக்க. வேதாளைப் பக்கம் எங்கள் வீட்டில் பல வருடமாக வெளியே ஸ்பீக்கர் ஓடுகிறது. முதல் ஜோடி போய் இப்போது இருப்பது இரண்டாவது ஜோடி. முதல் ஜோடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு புதுசு போல இருந்தது. போயிருந்ததெல்லாம் திருகும், கிளாம்பும், ஒயர் முனையும்தான். அதனால் நான் சொல்லப்போவது ஸ்பீக்கரை விட அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்களைப் பற்றித்தான் அதிகம். கையில் இருக்கும் பணத்தில் நடுத்தர ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சத்தை ஒயரிலும் போல்ட்டிலும் போடுங்கள்.

1. உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்க்கிறது?

தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், பனைக்குளம் இதெல்லாம் வடகடல், அதாவது பாக் விரிகுடா. பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் தென்கடல், மன்னார் வளைகுடா. பாம்பன், ராமேஸ்வரத்தில் இரண்டும் உண்டு.

தென்கடல் பக்கம் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும்போதுதான் உப்பு அதிகம் வந்து படியும். மழை இல்லாத மாதங்கள் என்பதால் படிந்த உப்பைக் கழுவ ஆளில்லை. வடகடல் பக்கம் ஐப்பசி முதல் தை வரை வாடை. அங்கே உப்போடு மழையும் சேர்ந்து வரும். தண்ணீர் உள்ளே புகும் அபாயம் அங்கேதான் கூடுதல். ஸ்பீக்கரின் முகமும் ஒயர் நுழையும் பக்கமும் அந்தந்தக் காற்றுக்கு முதுகு காட்டும்படி இருக்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியில், காற்று மறைவான சுவர் கிடைத்தால் அதற்கு மேல் வேறு இடம் தேட வேண்டாம்.

எந்தச் சுவர் என்று முடிவு செய்ய ஒரு சோதனை. ஹார்டுவேர் கடையில் பத்து ரூபாய்க்குச் சாதாரண இரும்பு ஆணி வாங்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரே வீட்டிலேயே ஒரு மூலையில் ஆணி காவியாகியிருக்கும், இன்னொரு மூலையில் லேசாகப் புள்ளி மட்டும் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் கிழக்கு வராந்தாவுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து வீட்டில் யாருமே நம்பவில்லை. இந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

2. எத்தனை வாட்? சட்டமும் சின்னக் கணக்கும்

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். "சார், வெளியிடம், சத்தம் பரவிப் போயிரும், இருநூறு வாட்டாவது வேணும்" என்பார்கள். வேண்டாம்.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்பது அளவு. தனியார் இடத்தில் சொந்தமாக வைத்திருக்கும் சிஸ்டத்தின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது உங்கள் காம்பவுண்ட் சுவரில் பகலில் 60, இரவில் 50.

இப்போது கணக்கு. சாதாரண வெளிப்புற ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபெல் என்று அட்டையில் போட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 கேட்கும் என்று அர்த்தம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். இரண்டு மீட்டரில் 82, நான்கு மீட்டரில் 76. நான்கு மீட்டரில் உங்கள் காம்பவுண்ட் என்றால், வெறும் ஒரு வாட்டிலேயே பகல் அளவை 16 டெசிபெல் தாண்டிவிட்டீர்கள். 60-க்குள் நிற்க வேண்டுமானால் ஒரு வாட்டில் நாற்பதில் ஒரு பங்குதான் தேவை. பாட்டில் திடீரென்று மேளம் ஏறும் இடத்துக்கும் சேர்த்துப் பார்த்தாலும் 20, 30 வாட் ஸ்பீக்கர் தாராளம்.

ஆகவே பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மூலையில் மாட்டிச் சத்தத்தை ஏற்றுவதை விட, சின்ன ஸ்பீக்கர் இரண்டை நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது நல்லது. முகம் வீட்டுப் பக்கம் திரும்பி இருக்கட்டும். வெளியே பார்த்து மாட்டினால் பக்கத்து வீட்டு அக்கா முதல் வாரத்திலேயே கூப்பிடுவார். சத்தம் பார்க்கப் போனில் இலவசச் செயலிகள் உண்டு. நீதிமன்றத்துக்கு ஆகாது, நமக்கு ஒரு மதிப்புத் தெரிய அது போதும்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருந்தால் அளவு இன்னும் குறைவு: பகல் 50, இரவு 40. பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ பக்கத்தில் இருந்தால் அந்தத் திசையில் ஸ்பீக்கர் வேண்டாம். இதற்குச் சட்டம் பார்க்கத் தேவையில்லை, ஊரில் இருக்க வேண்டுமே.

3. காகிதங்கள்

வீட்டு உபயோகத்துக்கு மெதுவாகப் பாட்டுக் கேட்க யாரும் மனு எழுதுவதில்லை. ஆனால் அதே ஸ்பீக்கரோடு மைக் செட்டும் சேர்த்துக் காதுகுத்து, வளைகாப்பு என்று விசேஷம் வைத்தால் கதை வேறு. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி தரும் அதிகாரி டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் உங்கள் காவல் நிலையத்தில் கேட்டால் யாரிடம் மனு கொடுப்பது என்று சொல்லிவிடுவார்கள். மனுவில் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, இடம், எத்தனை பாக்ஸ், உங்கள் விலாசம், போன் நம்பர். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தோ முத்திரையோ வாங்கிக்கொள்ளுங்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே போங்கள். முதல் நாள் சாயங்காலம் போய் நின்றால் கையெழுத்துப் போடவேண்டியவர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்.

வாடகை வீடு என்றால் சுவரில் ஓட்டை போடுவதற்கு வீட்டுக்காரரிடம் ஒரு வரி வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் போதும். காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிக்கிற விஷயம் இது.

4. ஸ்பீக்கர் வாங்கும்போது

ஐபி எண்ணை முதலில் பாருங்கள். ஐபி65 என்றால் தூசி புகாது, எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீர் மட்டும். சன்ஷேடுக்கு அடியில் ஐபி55 போதும், மழை படும் இடத்தில் ஐபி65-க்குக் கீழே இறங்காதீர்கள்.

ஆனால் இந்த எண்ணுக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. ஐபி சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புக்குத் தனிச் சோதனை இருக்கிறது, சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் என்பார்கள், எத்தனை மணி நேரம் தாங்கியது என்று விவரக் குறிப்பில் போடுவார்கள். படகுகளுக்கென்று செய்யும் ஸ்பீக்கர்களில் இது பெரும்பாலும் இருக்கும். கடையில் கேட்டால் பல பேருக்குத் தெரியாது. மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து நீங்களே விவரக் குறிப்பைத் தேடுங்கள்.

அப்புறம் உடம்பு. கூம்பு பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், காகிதக் கூம்பு வேண்டாம். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்க வேண்டும். ஸ்பான்ச் வளையம் நம் ஈரப்பதத்தில் பொடிந்து உதிரும். முன்பக்க வலை அலுமினியமா இரும்பா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஓரத்தில், உள்ளிருக்கும் காந்தத்தின் இழுப்பு இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. பெயிண்ட் எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும் வெட்டு விளிம்பில் துரு தொடங்கி வெள்ளைச் சுவரில் காவி வழியும்.

விலை: நான் விசாரித்தபோது நாலு அங்குல, ஐந்து அங்குலச் சுவர் ஸ்பீக்கர்கள் ஜோடி எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் கிடைத்தன. படகுக்கானவை அதற்கு மேல். சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் நாலாயிரம், ஐயாயிரம். ராமநாதபுரத்தில் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. மதுரை போக வேண்டும், அல்லது ஆன்லைன். வாய்மொழியாகச் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி வைத்த புளூடூத் ஸ்பீக்கரை வெளியிலேயே விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடாதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, சித்திரை வெயிலில் மாடியில் இருக்கும் கறுப்புப் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய் ராத்திரி உள்ளே கொண்டுவருவதற்கு அது நல்ல சாமான்.

5. ஒயர்

ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்குள். ஒயர் மட்டும் வெளியே. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

தடிமன்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரை ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 25 மீட்டர் வரை ரெண்டரை ஸ்கொயர் செம்பு ஒயர். அதற்கு மேல் தூரம் என்றால் ஆம்பை நகர்த்த முடியுமா என்று யோசியுங்கள்.

"ஸ்பீக்கர் ஒயர்" என்று கண்ணாடி போன்ற உறையில் மலிவாக விற்பதில் பாதி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நம் காற்றில் அதன் முனை வெள்ளைப் பொடியாகிவிடும். நல்ல செம்பும் சும்மா விட்டால் பச்சைக் களிம்பு ஏறும், உறைக்குள் விரல் நீளத்துக்குக் கறுத்துப் போகும். வெள்ளீயப் பூச்சுள்ள செம்பு ஒயர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்கவில்லை என்றால், முனையில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, இணைப்பின் மேல் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டுப் போகிறேன் என்றால் விடாதீர்கள். ஒரு கோடை தாண்டாது, பசை உருகி வழிந்து வாலாகத் தொங்கும்.

ஒயர் ஸ்பீக்கருக்குள் நுழைவதற்கு முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. ஜங்ஷன் பாக்ஸிலும் ஓட்டை அடிப்பக்கம்தான்.

ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்கச் சிலிகான் பூசுவார்கள். அதில் புளித்த வினிகர் வாடை அடிக்கிற ரகம் செம்பை அரிக்கும். டியூபில் நியூட்ரல் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள், ஐம்பது, நூறு ரூபாய்தான் கூட இருக்கும்.

தோட்டத்தில் ஒயரைத் திறந்தபடி விட்டால் அணில் கடிக்கும், ஆடு இழுக்கும். பிவிசி பைப்புக்குள் விட்டு இரண்டு முனையையும் அடையுங்கள். அடைக்காத பைப் எறும்புக்குத் தேசிய நெடுஞ்சாலை.

6. போல்ட்டும் கிளாம்பும்

பெட்டியோடு வரும் திருகுகளை அப்படியே எடுத்துத் தூர வையுங்கள். பெரும்பாலும் அவை துத்தநாகம் பூசிய இரும்பு. கச்சானில் ஒரு பருவம் முடிவதற்குள் தலை மழுங்கி, கழற்றப் போனால் ஸ்குருடிரைவர் வழுக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள், அதிலும் 316. கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 304. 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்த்து இது 316 என்று சத்தியம் செய்பவரை நம்பாதீர்கள். இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது. போல்ட் தலையைப் பாருங்கள்: ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. வீட்டுச் சாமான் விற்கும் கடையில் அலைவதை விட, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்குச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். தனித்தனியாகவும் தருவார்கள். எட்டுப் போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

கிளாம்ப் அலுமினியம் என்றால் இன்னொரு பொறி. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால், அலுமினியம் அரிக்கப்படும். ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து வரும். நடுவே நைலான் வாஷர் போட்டுவிட்டால் தீர்ந்தது, விலை ஒன்றிரண்டு ரூபாய்.

ஸ்பீக்கர் முகம் லேசாகக் கீழே சாய்ந்திருக்கட்டும். நேராக நிறுத்தினால் வலைக்கும் கூம்புக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும்.

7. எந்த மாதம், யாரை வைத்து

மாசி, பங்குனிதான் சரியான காலம். வாடை அடங்கிவிடும், கச்சான் இன்னும் தொடங்கியிருக்காது, சுவர் காய்ந்திருக்கும், சிலிகான் பிடிக்கும். ஆனால் அதே நேரம் ஊர்த் திருவிழாக்களும் தொடங்கிவிடுவதால் எலக்ட்ரீஷியன் கிடைக்கமாட்டார். தை கடைசியிலேயே சொல்லி வையுங்கள். வேலை ஒரு நாள்தான். கூலி எங்கள் பக்கம் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. பைப், பாக்ஸ், ஒயர் தனி.

எலக்ட்ரீஷியனை விட மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் யாரையாவது ஒரு மணி நேரம் கூப்பிட்டுக் காட்டுவது உத்தமம். மழையிலும் மணலிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகியவர்கள். எந்த முனை போகும், எது நிற்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். ஆம்ப் இருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், இல்லையென்றால் அதே நாளில் போட்டுவிடலாம். ஐப்பசி இடி மின்னலில் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது. ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

8. மாட்டிய பிறகு

துடைப்பதுதான் வேலை. கச்சான் காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒன்றிரண்டு முறை, ஈரத்துணியால் வலையையும் கிளாம்பையும் துடையுங்கள். உப்பு காய்ந்து கிடக்கும் வரை சும்மா இருக்கும்; காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நமக்கு அனேகமாக எல்லா ராத்திரியும் அப்படித்தான்.

முக்கியம்: நல்ல தண்ணியில் துடையுங்கள். போர் தண்ணியில் துடைத்தால் நீங்களே உப்புப் பூசிவிடுகிறீர்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு சொம்பு இதற்கு ஒதுக்கினால் போதும். அம்மா முதலில் முணுமுணுப்பார்.

ஸ்பீக்கரின் பின்னால் அடிச்சத்தத்துக்காக ஓட்டை வைத்த மாடல் என்றால் குளவியைக் கவனியுங்கள். எங்கள் இடது ஸ்பீக்கர் திடீரென்று மூக்கடைத்தது போலப் பாடியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டைக்குள் விரல் கனத்தில் மண்கூடு, நடுவில் மூடிய அறைகள். குச்சியால் நிமிண்டி எடுத்துவிட்டு, நைலான் கொசுவலையை வாயில் ஒட்டினேன். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கொசுவலை இல்லாவிட்டால் பல்லியும் குடும்பத்தோடு வரும்.

வருடம் ஒருமுறை, புரட்டாசியில், போல்ட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். அப்போதுதான் பிறகு கழற்ற வரும். புயல் எச்சரிக்கைக் கூண்டு பாம்பனில் ஏறினால் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். நாலு போல்ட் வேலை.

9. பில், வாரண்டி

ஜிஎஸ்டி பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பல கடைகளில் "ஸ்பீக்கர் 1 செட்" என்று எழுதித் தருவார்கள், அங்கேயே திருத்தி வாங்குங்கள். தெர்மல் பேப்பர் பில் நம் வெயிலில் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும், அன்றே போட்டோ எடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ, மாட்டிய அன்று நாலு பக்கமும் போட்டோ.

வாரண்டி அட்டையில் "அரிப்பு", "சுற்றுச்சூழல் பாதிப்பு" என்று விலக்கு இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே படியுங்கள். எங்கள் முதல் ஜோடியில் ஒன்று வாரண்டிக்குள்ளேயே நின்றபோது, சர்வீஸ் சென்டரில் பின்பக்கத் துருவைக் காட்டி, கடலோரம் என்பதால் முடியாது என்றார்கள். வெளிப்புற ஸ்பீக்கர் என்று எழுதி விற்றவர்கள்தான். இப்படி நடந்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, மறுத்து எழுதிய காகிதம், மாட்டிய அன்றைய போட்டோ நான்கையும் நகலெடுத்து ஒரே உறையில் வையுங்கள்.